வன்னியில் ஒரு வைத்தியசாலை நகைச்சுவைத் தொடரை எடுப்பதும் காட்டுவதும்

வைத்தியசாலையைக் களமாகக் கொண்டு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரொன்றை எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கமராவைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னர் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சிரிப்பு எதன்மேல் விழப்போகிறது? வன்னியில் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளானதையும், பின்னர் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களும் தறப்பாள் கொட்டகைகளும் வைத்தியசாலைகளாக இயங்கியதையும் கண்ணால் கண்டவர்கள் உங்கள் பார்வையாளர்களில் இருப்பார்கள். அதே மனிதர்கள் இன்றைக்குக் கிளினிக் கொப்பியோடு கிளிநொச்சிக்கோ மாஞ்சோலைக்கோ மல்லாவிக்கோ போய், வாங்கில் காத்திருந்து, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துச் சிரித்துவிட்டும் வருகிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் படமாக்க வேண்டும். வரிசையின்மேலும், துண்டுச்சீட்டின்மேலும், பெயர் மாறாட்டத்தின்மேலும், பத்தியத்தின்மேலும் சிரிப்பு விழலாம். காயத்தின்மேலும், இழந்த அவயவத்தின்மேலும், வலியில் வரும் முனகலின்மேலும் விழவே கூடாது. இதைக் கதை எழுதுபவர், நடிப்பவர், படத்தைத் தொகுப்பவர் ஆகிய எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கதைக்கான பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு கிளினிக் நாளைக் காலையிலிருந்து மதியம்வரை கவனித்தாலே போதும். முதல் பஸ்ஸில் வந்து கொப்பியை மேசையில் அடுக்கிவிட்டு, அந்த அடுக்கின்மேல் வைத்த கண் எடுக்காமல் இருக்கும் ஆச்சிமார். 'செல்லம்மா' என்று மிஸ் (தாதி) கூப்பிட்டதும் ஒரே நேரத்தில் எழும்பும் மூன்று பேர். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க வந்து, சாரத்து மடியில் பனங்கட்டியை ஒளித்துவைத்திருக்கும் அப்பு. எல்லாக் குளிசைகளையும் ஒரே பேணியில் கொட்டி வைத்துக்கொண்டு நிறத்தைப் பார்த்து விழுங்குகிறவர். தெற்கிலிருந்து புதிதாக நியமனம் பெற்று வந்த, தமிழ் தெரியாத இளம் வைத்தியருக்கு, ஆச்சி ஐந்து நிமிடம் விவரித்த வருத்தத்தைச் சிற்றூழியர் ஒருவர் ஒற்றைச் சொல்லில் மொழிபெயர்த்துச் சொல்லும் காட்சியை எழுதினால், அது ஓர் அத்தியாயம் முழுவதையும் தாங்கும். அந்தக் காட்சியில் வைத்தியரையும் முட்டாளாக்காமல், ஆச்சியையும் முட்டாளாக்காமல், நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பைச் சிரிப்பாக்குவதில்தான் எழுத்தாளரின் திறமை இருக்கிறது. இறுதிக் காட்சிக்குள் வைத்தியர் நான்கு தமிழ்ச் சொற்களையாவது கற்றுக்கொண்டிருந்தால் பார்வையாளருக்கு அவர்மேல் பற்று வரும்.

அரை மணித்தியால நிகழ்ச்சிக்கு விளம்பரங்கள் போக ஏறக்குறைய 22 நிமிடங்கள் மிஞ்சும். எழுத்துப் பிரதியின் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் ஓடும் என்று கொள்வது வழக்கம். ஆகையால் ஒரு பெரிய சிக்கலும் ஒரு சிறிய சிக்கலும் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் எதற்கும் மூச்சு விட இடம் இராது.

எழுதி முடித்ததும் பிரதியை ஓய்வு பெற்ற தாதியர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். வைத்தியசாலைத் தொடர்களில் திரும்பத் திரும்ப நிகழும் தவறுகள் சில உள்ளன. ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நடிகர்கள் அதைப் பின்னோக்கி மாட்டிக்கொள்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் வைக்கும்போது இதயத்தின் நிழல் பார்ப்பவரின் வலப்பக்கத்துக்குக் கூடுதலாகச் சாய்ந்து தெரிய வேண்டும், ஏனெனில் அது நோயாளரின் இடப்பக்கம். இதயத்துடிப்புக் கோடு முற்றிலும் தட்டையாகிவிட்டால் மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை. நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்தும் காட்சியைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1996 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் நெஞ்சழுத்தச் சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதத்தினர் பிழைத்து வீடு திரும்புவதுபோலக் காட்டப்பட்டதைக் கணக்கிட்டது; உண்மையில் பிழைப்பவர்கள் அதைவிட மிகக் குறைவு. காட்டியே ஆக வேண்டுமானால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தைப் பின்பற்றி, அழுத்துபவரின் முகத்தையும் தோள்களையும் மட்டும் கமராவில் எடுத்து, கீழே பயிற்சிப் பொம்மையை வையுங்கள். உயிருள்ள ஒருவரின் நெஞ்சை நடிப்புக்காகக்கூட அழுத்தக் கூடாது.

இயங்கிக்கொண்டிருக்கும் வாட்டில் படப்பிடிப்பு வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் வேண்டாம். படுத்திருக்கும் நோயாளர்கள் அதற்குச் சம்மதித்தவர்கள் அல்லர். 2001 இல் தொடங்கிய 'ஸ்க்ரப்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர், மூடப்பட்டிருந்த வைத்தியசாலையொன்றிலேயே பல ஆண்டுகள் எடுக்கப்பட்டது. நீண்ட நடைபாதைகளும் உண்மையான கதவுகளும் அவர்களுக்கு அங்கேயே கிடைத்தன. உங்கள் ஊரிலும் புதுக் கட்டடம் வந்த பிறகு பாவனையில் இல்லாத பழைய கட்டடம் இருந்தால், பொறுப்பதிகாரியிடமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் பாடசாலை விடுமுறையில் ஒரு மண்டபத்தைப் பெற்று, இரண்டு சுவர்களை மட்டும் வாட்டின் நிறத்தில் அமையுங்கள். இரும்புக் கட்டில்கள் மூன்று, ஒரு சேலைன் கம்பி, ஒரு ட்ரொலி, சிங்களம் தமிழ் ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய அறிவிப்புப் பலகை, வெளியே செருப்புகளின் குவியல் ஆகியவை இருந்தால் பார்ப்பவர்கள் அதை ஆசுப்பத்திரி என்று உடனே ஒத்துக்கொள்வார்கள். உண்மையான நோயாளரின் கொப்பியையோ மருந்துத் துண்டையோ பொருளாகப் பயன்படுத்தக் கூடாது. ஊசி முனைகள் அந்த இடத்துக்குள்ளேயே வரக்கூடாது.

நகைச்சுவைத் தொடர்களை எடுப்பதில் இரண்டு முறைகள் உள்ளன. கலையகத்தில் பார்வையாளரை அமர்த்தி, மூன்று நான்கு கமராக்களால் ஒரே நேரத்தில் எடுப்பது ஒன்று. ஒரே கமராவை இடம் மாற்றி மாற்றிக் காட்சியைத் துண்டு துண்டாக எடுப்பது மற்றொன்று. வன்னியில் நமக்கு இயலுவது இரண்டாவது முறைதான், வைத்தியசாலைக் கதைக்கு அது பொருந்தியும் வரும். முதலில் காட்சி முழுவதையும் தூரத்திலிருந்து ஒருமுறை எடுங்கள். பிறகு ஒவ்வொருவர் முகத்துக்கும் நெருங்குங்கள். கதைக்கும் இருவருக்கிடையே ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டு கமராவை அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே வைத்திருந்தால், தொகுக்கும்போது பார்வைகள் பொருந்தும். சிரிப்பு பெரும்பாலும் தூரக் காட்சியில் பிறந்து, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தில் முழுமையடைகிறது. பனங்கட்டி மடியிலிருந்து விழுவதைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு, அதைப் பார்த்த மிஸ்ஸின் முகத்தை இரண்டு வினாடி பேசாமல் காட்டினால், வசனம் எதுவும் தேவைப்படாது.

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் வினாடிக்கு 25 சட்டகங்களில், 1/50 வினாடி என்ற திரைவேகத்தில் (ஷட்டர்) எடுத்தால் ரியூப் விளக்குகள் சிமிட்டுவது படத்தில் வராது. யன்னல் வெயிலையும் ரியூப் வெளிச்சத்தையும் ஒரே காட்சியில் கலந்தால் முகங்கள் பச்சை ஓடித் தெரியும், ஒன்றை அணைத்துவிடுங்கள். யன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியொன்றை இழுத்துக் கட்டினால் வன்னி வெயில்கூட மெதுவாகிவிடும். தாதியரின் வெள்ளைச் சீருடை கமராவில் கண்ணைப் பறிக்கும். அதைப் பால் சேர்க்காத தேநீரில் ஒருமுறை நனைத்து உலர்த்தினால் திரையில் வெள்ளையாகவே தெரியும், அணிந்திருப்பவரின் முகம் இருண்டு போகாது. வெளிச்சத்தை எப்போதும் முகத்துக்கு அளந்து வையுங்கள், உடுப்புக்கு அல்ல.

ஒலியில்தான் நம்மவர்கள் அதிகம் தோற்கிறார்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும், தகரக் கூரையின்கீழ் வெக்கையைத் தாங்கவும் வேண்டும். ஆதலால் காட்சிகளைக் காலை ஆறரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் முடித்துக்கொள்ளுங்கள். மயில் அகவும் நேரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் பேசாமல் நின்று அரை நிமிடம் வெறும் ஒலியைப் பதிந்து வைத்தால், தொகுக்கும்போது வெட்டுகளை மூட அது உதவும். ஐப்பசி முதல் மார்கழிவரை மழை. அதன்பின் காலபோக அறுவடை, நடிகர்களில் பாதிப்பேர் வயலில் நிற்பார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் நாட்களை விட்டுவிட வேண்டும். இவற்றைக் கழித்துப் பார்த்தால் ஆனியும் ஆடியும் வசதியான மாதங்கள்.

நடிப்பவர்கள் சிரிக்க வைக்க முயலக் கூடாது; தமக்கு நேர்ந்திருப்பது பெரிய சிக்கல் என்று நம்பி நடிக்க வேண்டும். பேச்சுமொழியில் கூடுதல் கவனம் தேவை. முல்லைத்தீவுக் கரையோரத்தார் பேசுவதும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பேசுவதும், 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வேரூன்றியவர்கள் பேசுவதும் வேறு வேறானவை. அவரவர் பேச்சை அவரவரே பேசட்டும். ஒருவருடைய உச்சரிப்பையே சிரிப்பாக்குவதை, குறிப்பாக மலையகத் தமிழைச் சிற்றூழியர் பாத்திரத்துக்கு மட்டும் ஒதுக்கிச் சிரிப்பதை, நான் மன்னிக்க முடியாத தவறாகக் கருதுகிறேன்.

படத்தைத் தொகுக்கும்போது பின்னணிச் சிரிப்பொலி சேர்ப்பதா என்ற கேள்வி எழும். 1972 முதல் 1983 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'மாஷ்', கொரிய யுத்தகால இராணுவ வைத்தியசாலையொன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். அதற்குச் சிரிப்பொலி வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியது, தயாரிப்பாளர்கள் விரும்பவில்லை. இறுதியில் சத்திரசிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி சேர்ப்பதில்லை என்று உடன்பாடு ஏற்பட்டது. பிரித்தானியாவில் பிபிசி அத்தொடரைச் சிரிப்பொலி இல்லாமலேயே ஒளிபரப்பியது. யுத்தத்தையும் வைத்தியசாலையையும் ஒன்றாக அறிந்த நமக்கு இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் இல்லை. சிரிப்பொலியை முழுவதும் விட்டுவிடுங்கள். எங்கே சிரிப்பது, எங்கே பேசாமல் இருப்பது என்பதைப் பார்ப்பவர் தாமே முடிவுசெய்யட்டும்.

தொலைக்காட்சிக்கோ யூடியூபுக்கோ கொடுப்பதற்கு முன்னர், ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களைப் பார்க்க வேண்டும். நாங்கள் எடுத்த முதல் அத்தியாயத்தில், மிஸ்ஸின் கையிலிருந்து உலோகத் தட்டொன்று தவறிச் சீமெந்துத் தரையில் விழும் காட்சி இருந்தது. சத்தம் பெரிதாக இருந்தால் சிரிப்பும் பெரிதாக வரும் என்று எண்ணி, ஒலியை நானே கூட்டியிருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் காதுகளைப் பொத்திக்கொண்டு குனிந்தார், பிறகு எழுந்து வெளியே போனார். அன்றிரவே அந்தக் காட்சியை நீக்கிவிட்டோம். திரும்ப எடுத்தபோது தட்டு விழவில்லை. விழப்போன தட்டை மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு, விடுவதா பிடிப்பதா தெரியாமல் நின்றார்கள். அடுத்த காட்சிப்படுத்தலில் பெரியவர்களும் சிரித்தார்கள். திடீரென்று எழும் சத்தம், அலறும் அம்புலன்ஸ், தாழப் பறக்கும் விமானம் ஆகியவற்றை இந்த நிலத்தில் ஒருபோதும் சிரிப்புக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொடுக்கும் பிரதியின் ஒலியளவை அவர்கள் கேட்கும் அளவுக்கு அமைத்துக் கொடுங்கள். ஐரோப்பிய அளவுகோலின்படி அது −23 லூஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). யூடியூபுக்கு அதைவிடக் கூடிய அளவு வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்பார்கள். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு ஒருவர் கேட்டுப் பார்த்து, எல்லா வசனமும் விளங்குகிறது என்று சொன்னால் சரி. சிங்கள உபதலைப்புகளைச் சேர்ப்பதற்குச் சிறிது செலவு செய்யுங்கள்; அந்த இளம் வைத்தியரின் ஊரிலும் இதைப் பார்ப்பார்கள். தொடக்கத்தில், இதில் வரும் மருந்துகளையும் பத்தியங்களையும் யாரும் பின்பற்ற வேண்டாம், தங்கள் வைத்தியரைக் கேட்கவும் என்ற அறிவிப்பை வாசிக்கக்கூடிய நேரத்துக்கு நிறுத்துங்கள். இறுதி எழுத்துகளில் பிரதியை வாசித்துத் திருத்திய தாதியரின் பெயரை, அவர் சம்மதித்தால், இயக்குநரின் பெயருக்கு அடுத்ததாகவே போடுங்கள்.