புது வண்டியில் புகை வருகிறதா? எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள்

ஊட்டியில் பட்டறை வைத்திருப்பதால் டிசம்பர், ஜனவரி காலைகளில் எனக்கு அடிக்கடி வரும் போன் இதுதான்: "அண்ணா, வண்டி வாங்கி மூணு மாசம்கூட ஆகல, சைலென்சர்ல வெள்ளையா புகை தள்ளுது." நான் முதலில் நேரத்தைத்தான் கேட்பேன். ஸ்டார்ட் செய்ததும் வருகிறதா, எஞ்சின் சூடான பிறகும் வருகிறதா, இறக்கம் முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா? நிறம் பாதிதான் சொல்லும். மீதியை நேரம் சொல்லிவிடும்.

குளிர்ந்த காலையில் வருவது பெரும்பாலும் நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் சில்லென்று இருக்கும்போது அது வெள்ளையாகத் தெரியும், சொட்டவும் செய்யும். வாசனை இருக்காது, சில அடி தூரத்திலேயே கலைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் வெள்ளைத் தாளைக் குழாய்க்குப் பின்னால் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். வெறும் ஈரம் காய்ந்ததும் மறையும். எண்ணெய் என்றால் பிசுக்குக் கறை நிற்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து, காற்றிலேயே தொங்கி, இனிப்பான வாடை அடித்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) எரிகிறது என்று சந்தேகப்படலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் கூலன்ட் டப்பாவின் மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அடுத்தடுத்த காலைகளில் மட்டம் இறங்கி, அடியில் ஒழுகலும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல் பாகத்துக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) சோதிக்க வேண்டும். அதுவரை ஓட்ட வேண்டாம். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைக் கூழ் மாதிரி இருந்தால் பலர் பதறிப்போகிறார்கள். மலையில் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தாலே அது வரும். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் இருந்தால்தான் கவலை.

நீலப் புகை ஆயில் எரிவது. முதல் சர்வீஸ் முடிந்த கையோடு ஆரம்பித்ததா? அப்படியென்றால் டிப்ஸ்டிக்கை எடுங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட வேண்டும். துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், அந்த அதிகப்படி ஆயில் பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியாக உள்ளே போய் எரியலாம். சர்வீஸ் சென்டரில் மட்டத்தைச் சரி செய்தால் நின்றுவிடும். எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பிப்பதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மட்டம் சரியாகத்தான் இருக்கிறதா? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கியரிலேயே இறங்கி, கீழே வந்து மிதித்ததும் ஒரு கொத்து நீலம் வந்தால் சந்தேகம் வால்வ் சீல் (வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது) பக்கம். ராத்திரி நின்ற வண்டி காலையில் ஒரு தடவை மட்டும் ஊதினாலும் அப்படித்தான். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்). ரொம்ப நேரம் ஐட்லிங்கில் நின்று கிளம்பும்போது வந்தால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) உள்ள வண்டியில் அதன் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் எரிகிறது, அல்லது காற்று போதவில்லை. பெட்ரோல் வண்டிக்கும் அதேதான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் கரித்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதையும் தாண்டிக் கறுப்பாகக் கக்கினால் ஃபில்டரே கெட்டிருக்கலாம். ஃபில்டரில் சேரும் கரியை வண்டி தானே 600 டிகிரி அளவில் எரிக்கும். அப்போது சூட்டு வாடை வரும், ஐட்லிங் கொஞ்சம் ஏறும், ஃபேன் ஓடும். அது கோளாறு இல்லை. பாதியில் அணைக்காமல் சீராக ஓட்டுங்கள்.

வாரன்டி இருக்கும்வரை என் பட்டறை உட்பட வெளியே எங்கும் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள். கிலோமீட்டர் மீட்டரில் தொடங்கி சைலென்சர் வரை ஒரே ஓட்டத்தில் வீடியோ எடுங்கள். சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதும் ஜாப் கார்டில் "புகை வருகிறது" என்று மட்டும் எழுத விடாமல் நிறம், நேரம், எஞ்சின் சூடா இல்லையா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். "புது வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பப் பார்த்தால் ஆயில் செலவுச் சோதனை கேளுங்கள்: ஆயிலை மேல் கோடுவரை நிரப்பி, சீல் வைத்து, 1000 கிலோமீட்டர் ஓட்டி அளப்பார்கள். எவ்வளவு குறையலாம் என்ற வரம்பு பல வண்டிகளின் கையேட்டிலேயே இருக்கும். அந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.