வீடு விற்கும்போது பக்கத்து வீட்டுத் தகராறை மறைக்கலாமா?

வேலூர் கொசப்பேட்டையில் இருந்த பழைய வீட்டை விற்க என் சித்தப்பா முடிவு செய்தபோது, பக்கத்து வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவிலிருந்த மூன்றடிச் சந்து யாருடையது என்ற தகராறு நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. "அதை எதற்குச் சொல்கிறீர்கள், விலை இறங்கிவிடும்" என்றார் தரகர். சித்தப்பாவும் தலையாட்டினார். வாங்க வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டுவதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அட்வான்ஸ் தருவதாகச் சொன்ன மனிதர் மறுநாள் போனை எடுக்கவேயில்லை.

நாம் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்புவதுதான் முதல் தவறு. பக்கத்து வீட்டாருக்கும் வாய் உண்டு.

சட்டமும் இங்கே விற்பவர் பக்கம் நிற்பதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 55ஆவது பிரிவில் இதைப் பேசுகிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு கருதுகிறது. எல்லைத் தகராறு, பாதைப் பாத்தியம் (அடுத்தவர் இடத்தின் வழியே நடக்கும் உரிமை), பொதுச்சுவர், நிலுவையில் உள்ள வழக்கு, தடையுத்தரவு எல்லாம் இந்த வகையில் வரக்கூடியவை. வாசலில் தண்ணீர் தெளித்ததற்கு எதிர்வீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது வராது. ஆனால் சொத்தைப் பற்றி வாங்குபவர் நேராக ஒரு கேள்வி கேட்டால், தெரிந்ததை உள்ளபடி சொல்லவேண்டிய கடமையும் அதே பிரிவில் இருக்கிறது.

அடுத்தது, "வில்லங்கச் சான்று சுத்தம்" என்ற பேச்சு. அது பதிவான ஆவணங்களைக் காட்டும் தாள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் ஓடும் ஓர் உரிமையியல் வழக்கு பெரும்பாலும் அதில் தென்படாது. வழக்கு நடக்கும்போது அந்தச் சொத்தை ஒருவர் வாங்கினால், அதே சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, வழக்கின் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும். அந்த மனிதர் அடுத்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிரயப் பத்திரத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏதேனும் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன். பத்திரம் எழுதுபவர் பழக்கத்தில் எழுதுவார். நாம் படிக்காமலே கையெழுத்துப் போடுவோம். சித்தப்பாவிடம் அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் முகம் மாறியது.

தரகரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, "நான் சொன்னேனே" என்று பின்னால் வாதாடுவதும் பயன் தராது. தகராறு என்ன, எந்த ஆண்டிலிருந்து, காவல் நிலைய மனு ரசீது உண்டா, வழக்கு எண் என்ன என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

விற்பதற்கு முன் ராத்திரியோடு ராத்திரியாகச் சந்தில் சுவர் எழுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது புது வழக்குக்குப் போடும் அடித்தளம். பக்கத்து வீட்டார் அந்தச் சந்தில் தமக்கு உரிமை உண்டு என்ற முறையில் வெளிப்படையாகவும் தடையின்றியும் 20 ஆண்டுகள் நடந்திருந்தால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி பாதைப் பாத்தியம் கேட்க இடமுண்டு. சுவருக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சத்தை நில அளவைக் கட்டணமாகக் கட்டுங்கள். நில அளவர் வந்து எல்லைக் கல்லைக் காட்டும்போது பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். அப்படியே, அவருக்கே வீட்டை வாங்கும் எண்ணம் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். சந்தின்மேல் இவ்வளவு ஆசை வைத்திருப்பவர் வேறு யார்?

சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கவில்லை. இரண்டாவதாக வந்தவரிடம் அளவைத் தாளையும் பழைய மனுக்களையும் முன்கூட்டியே காட்டினோம். அவர் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம், பதிவும் முடிந்தது. அந்தத் தெருவைக் கடக்கும் போதெல்லாம் சித்தப்பா இன்றும் அந்தக் குறைந்த தொகையைச் சொல்லிப் புலம்புகிறார்.