நண்பர்களோடு ஒயின், விஸ்கி ருசி பார்க்க: லேபிளை மறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

குடிப்பது வேறு, ருசி பார்ப்பது வேறு. இங்கே ஊற்றுவது கொஞ்சம், பேசுவது நிறைய. ஆறு பேர் சேர்ந்தால் போதும்.

1. பாட்டில்களைத் தேர்ந்தெடுங்கள். நான்கு ஒயின், இரண்டு ஸ்பிரிட் (விஸ்கி, ரம் போலக் காய்ச்சி வடித்த மது). அதைத் தாண்டினால் நாக்குக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பிட வசதியான ஜோடியாக எடுப்பது நல்லது. பிரான்ஸின் ரோன் பகுதி சிராவும் ஆஸ்திரேலிய ஷிராஸும் ஒரே திராட்சைதான், ருசியோ வெவ்வேறு.

2. வெள்ளை ஒயின் 8 முதல் 10 டிகிரி செல்சியஸ், சிவப்பு 16 முதல் 18. அறை சூடாக இருந்தால் சிவப்பையும் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கலாம், தப்பில்லை.

3. பாட்டில்களைத் தாளால் சுற்றி எண் போடுங்கள். என்னைக் கேட்டால் இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். விலையும் பெயரும் தெரிந்துவிட்டால் நாக்கு அதற்குத் தகுந்தபடிதான் தீர்ப்புச் சொல்லும். 1976-இல் பாரிஸில் இப்படி மறைத்து வைத்து ருசி பார்த்தபோது, பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். கண்ணும் ஏமாற்றும்: 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். பிரான்ஸின் போர்தோ நகரில் ஒயின் பற்றிப் படிக்கும் 54 மாணவர்கள், சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளால் அதன் மணத்தை வர்ணித்தார்கள்.

4. ஒருவருக்கு 50 மி.லி. ஒயின் போதும். 750 மி.லி. பாட்டில் பதினைந்து பேருக்கு வரும் என்பதால் மிச்சம் இருக்கத்தான் செய்யும். முதலில் வெள்ளை, அப்புறம் சிவப்பு, இனிப்பு ஒயின் இருந்தால் அதற்குப் பின். ஸ்பிரிட் கடைசியில்தான். முன்னால் வந்தால் மெல்லிய ஒயினெல்லாம் தண்ணீராகத் தெரியும்.

5. கிளாஸின் தண்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து வாய் முழுக்கப் பரவ விடுங்கள். எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறு வறண்டு இழுத்தால் அது டானின் என்ற துவர்ப்புப் பொருள், சிவப்பில்தான் அதிகம். ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கால் கெட்ட பாட்டில், மாற்றிவிடுங்கள். தோன்றியதை முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள், பேச்சு பிறகு. இல்லையென்றால் சத்தமாகப் பேசுபவர் சொன்னதே எல்லோருடைய கருத்தும் ஆகிவிடும்.

6. விஸ்கி, ரம் 15 மி.லி. போதும். பெரும்பாலும் 40 சதவீத ஆல்கஹால் என்பதால் மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். வாயைச் சற்றுத் திறந்துகொண்டு தள்ளி வைத்து முகருங்கள். ஒருமுறை அப்படியே ருசித்துவிட்டு, சில துளி தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். காரம் அடங்கி வேறு மணங்கள் மேலே வரும்.

இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும். துப்புவதற்கு ஒரு பாத்திரம் கட்டாயம் வேண்டும். துப்புவது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. துப்பினாலும் சரி, வீட்டுக்குப் போகும்போது யாரும் வண்டி ஓட்டக் கூடாது.

எல்லோரும் மதிப்பெண் போட்ட பிறகு தாளைப் பிரியுங்கள், விலையைக் கடைசியாகச் சொல்லுங்கள். மிச்ச ஒயினை, சிவப்பானாலும், மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். விஸ்கிக்கு அந்த அவசரம் இல்லை.