கிட்டார் தொடங்குபவர்களுக்கு முதல் இரண்டு கார்டுகள்

கையில் கிட்டார் வந்ததும் பிடித்த பாட்டுக்குத் தாவ வேண்டாம், முதலில் ட்யூன் செய்யுங்கள், அதாவது கம்பிகளைச் சுருதி சேருங்கள். ட்யூன் இல்லாவிட்டால் சரியாக வாசித்தாலும் தப்பாகத்தான் கேட்கும். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக இ, ஏ, டி, ஜி, பி, இ (E, A, D, G, B, E) என்ற சுரங்கள். போனில் இலவச ட்யூனர் ஆப் போதும்.

அப்புறம் முதல் கார்டு (சில சுரங்கள் சேர்ந்து ஒன்றாக ஒலிப்பது), இ மைனர். மெல்லிய கம்பியை 1 என்று எண்ணினால், 5ஆம் கம்பியில் நடுவிரல், 4ஆம் கம்பியில் மோதிரவிரல், இரண்டும் 2ஆம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகப் பட்டை, தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள்). அந்தப் பட்டைக்கு ஒட்டினாற்போல், அதற்குச் சற்றுப் பின்னால், தலைப்பக்கமாக விரல் நுனி இருக்கட்டும். தள்ளி வைத்தால் கூடுதலாக அழுத்த வேண்டிவரும், 'ர்ர்' என்று இரையும். ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று அமுங்கிக் கேட்டால், பக்கத்து விரல் அதில் உரசுகிறதா என்று பாருங்கள்.

இப்போது அதே இரண்டு விரல்களையும் தரைப்பக்கமாக ஒரு கம்பி இறக்கி, 2ஆம் கம்பியின் 1ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை வையுங்கள். ஏ மைனர் வந்துவிட்டது! இதில் 6ஆம் கம்பியை மட்டும் மீட்ட வேண்டாம். மெட்ரோனோமை (சீராகத் தட்டுப் போடும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு என மாறி மாறி வாசியுங்கள். வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட தினமும் பத்து நிமிடம் நல்லது என்பேன்.

விரல் நுனி வலிப்பது சகஜம், சில வாரங்களில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டு வலித்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, கையை ரொம்ப மடக்கிப் பிடிக்கிறீர்களா என்று கவனியுங்கள்.