துப்பை வைத்துப் பாட்டைப் பிடிப்பது எப்படி

திரைப்பாட்டுப் புதிரில் எந்தத் துப்பு அதிகப் பாட்டுகளை வெட்டித் தள்ளுகிறதோ, அதை முதலில் எடுங்கள். ‘இசை ரகுமான்’ என்றால் நூற்றுக்கணக்கில் நிற்கும். ‘அவருடைய முதல் படம், பாடலாசிரியருக்குத் தேசிய விருது, பாடியவர் மின்மினி’ என்றால் ‘சின்னச் சின்ன ஆசை’ மட்டும்தான்.

ஆண்டைச் சொல்லும் துப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தேசிய விருது, படம் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டைக் கணக்கில் எடுக்கும். ‘மின்சார கனவு’ 1997 பொங்கலுக்கு வந்தது, விருதோ 1996க்கானது. ஆகவே ஒரு வருடம் முன்பின் தள்ளிப் பாருங்கள். அதே படத்தில் இன்னொரு கண்ணி: பின்னணிப் பாடகர் விருது எஸ்.பி.பி.க்கு ‘தங்கத் தாமரை’, பாடகி விருது சித்ராவுக்கு ‘மானாமதுரை’. பாடியது ஆணா பெண்ணா என்று தெரியாமல் பதில் சொல்லவே கூடாது.

கட்டம் போட்டு எழுத்து எண்ணிக்கை கொடுத்தால் புள்ளி வைத்த எழுத்தையும் எண்ணுங்கள். ‘ஒவ்வொரு’ நான்கு எழுத்து: ஒ, வ், வொ, ரு. மெய்யை விட்டுவிட்டு மூன்று என்று எண்ணுபவர்கள் சரியான பாட்டையே ஒதுக்கிவிடுவார்கள். அடுத்து ‘பூக்களுமே’ ஐந்து. சித்ரா, பா.விஜய் இருவருக்கும் தேசிய விருது என்ற துப்பும் சேர்ந்தால் ‘ஆட்டோகிராஃப்’ படத்தின் ‘ஒவ்வொரு பூக்களுமே’ உறுதி.

பல்லவி நினைவுக்கு வராவிட்டால் மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மெட்டு வந்தால் வார்த்தை பின்னாலேயே வரும். விடையை எழுதுமுன் ஒவ்வொரு துப்பையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். ஒன்று இடித்தாலும் அது வேறு பாட்டு.