கார்ட்லெஸ் டிரில்: பெட்டியை நம்பாமல் பேட்டரியைப் பாருங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வோல்ட் எண்ணையும் உள்ளே எத்தனை பிட் (துளை போடவும் திருகு முடுக்கவும் மாட்டும் முனை) இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் பலர் கார்ட்லெஸ் டிரில் வாங்குகிறார்கள். இரண்டும் விற்பவருக்கு வசதியான எண்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது பேட்டரியை. விலையில் கணிசமான பங்கு அதில்தான் இருக்கிறது, பெரும்பாலும் முதலில் போவதும் அதுதான். மோட்டாரும் கியரும் நன்றாக இருக்கும்போதே பேட்டரி செத்து, மொத்தக் கருவியும் பரணுக்குப் போய்விடும்.

முதலில் இந்த வோல்ட் கணக்கு. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு லித்தியம் அயான் செல் சராசரியாக 3.6 வோல்ட் தரும். முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 4.2 வரை போகும். மூன்று செல்களை வரிசையாக இணைத்தால் 10.8 வோல்ட், அதைத்தான் 12 வோல்ட் டிரில் என்று விற்கிறார்கள். ஐந்து செல் என்றால் 18. அதே ஐந்து செல் பேட்டரிக்கு ஒரு கம்பெனி 18 என்று போடும், இன்னொன்று 20 என்று போடும், மூன்றாவது ஒன்று 21 என்று போடும். மூன்றும் ஒன்றுதான், எந்த நிலையில் அளந்தார்கள் என்பதே வித்தியாசம். இதுவரை பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெயர் தெரியாத சில டிரில்களில் 36, 48, 88 என்றெல்லாம் இருக்கும், எண்ணுக்குப் பின்னால் ஓரிரு எழுத்துகளும் ஒட்டியிருக்கும். கேட்டால் மாடல் பெயர் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்குத்தான் அந்த எழுத்துகள். சார்ஜரின் முதுகில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். வெளியீடு 21 வோல்ட் என்றிருந்தால் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான்.

அடுத்த எண் ஆம்பியர்-ஹவர், சுருக்கமாக ஏஎச். ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும் என்பது இதைப் பொறுத்தது. இங்கேயும் தாராளமாக ஊதிப் பெருக்குவார்கள். இந்த பேட்டரிகளில் அதிகம் காணப்படும் 18650 வகை செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது, பொதுவாக அதிகபட்சம் 3.5 ஏஎச் அளவுதான் தாங்கும். டிரில் போல மின்சாரத்தை மளமளவென்று இழுக்கும் கருவிகளுக்கான செல்களில் அது இன்னும் குறைவு, பெரும்பாலும் 1.5 முதல் 3 வரை. ஆகவே இந்த வகை செல் ஐந்தே ஐந்து இருக்கும் பேட்டரியில் 6 ஏஎச் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். கழற்றிப் பார்க்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு செல் சுமார் 45 கிராம். 6 ஏஎச் வர ஐந்து செல் வரிசை இரண்டு, அதாவது பத்து செல் வேண்டும். அவ்வளவு இருந்தால் பேட்டரி அரைக் கிலோவைத் தாண்ட வேண்டும். 300 கிராம்கூட இல்லாத பேட்டரி எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டுக்கொண்டாலும் அதற்குள் பத்து செல் இல்லை.

வீட்டு வேலைக்கு 4 ஏஎச் பேட்டரி ஒன்று வருவதைவிட 2 ஏஎச் பேட்டரி இரண்டு வருவது எவ்வளவோ மேல். ஒன்று சார்ஜ் ஆகும்போது இன்னொன்றை வைத்து வேலையை முடிக்கலாம், கையும் வலிக்காது. அப்புறம், விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் அது வெறும் கருவி மட்டுமா, பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தா என்று இரண்டு முறை படித்துவிடுங்கள். பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்ப்பது இன்னும் முக்கியம். தனியாகக் கிடைக்காத பேட்டரியோடு வரும் டிரில், எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஒரு பேட்டரியின் ஆயுள் வரைக்குமான டிரில்தான். அதே பேட்டரியில் ஓடும் வேறு கருவிகளும் அந்தக் கம்பெனியிடம் இருந்தால் நல்லது.

சரி, டிரில்லை எதற்கு வாங்குகிறீர்கள்? மரம், பிளைவுட், திருகு முடுக்குவது என்றால் 12 வோல்ட் வகையே தாராளம். செங்கல் சுவர் என்றால் ஹேமர் வசதி உள்ள, அதாவது சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும் 18 வோல்ட் டிரில் வேண்டும். காங்கிரீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஹேமர் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. அதில் வரும் அடி சின்னது, நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அதைப் பொறுத்தது. ரோட்டரி ஹேமர் என்பது வேறு கருவி. அதில் காற்றழுத்தத்தால் ஒரு பிஸ்டன் பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது. காங்கிரீட்டில் நாலைந்து துளைதான் வேண்டும் என்றால் ரோட்டரி ஹேமரை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கி வேலையை முடித்துவிடலாம். அதற்காகப் பெரிய கார்ட்லெஸ் டிரில் வாங்கிச் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைதான் எடுப்பீர்கள் என்றால் வயர் உள்ள டிரில்லே உங்களுக்குச் சரி என்பேன். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகிற பேட்டரி அதில் கிடையாது.

இம்பாக்ட் டிரைவரை ஹேமர் டிரில் என்று நினைத்து வாங்குவதும் நடக்கிறது. பெயரில் அடி இருக்கிறதே தவிர, அது அடிப்பது சுற்றும் திசையில். நீளத் திருகுகளை முடுக்க அது அருமையான கருவி, சுவரைத் துளைக்க உதவாது.

டார்க், அதாவது முறுக்கு விசை எண்ணை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். கடினமான பொருளில் முட்டி நிற்கும் அந்தக் கணத்தில் அளந்த எண் பெரிதாக இருக்கும், மரம் போன்ற மென்மையான பொருளில் அளந்த எண் சிறிதாக இருக்கும். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் பெரியதுதான். ஷெல்ஃப், திரைச்சீலைக் கம்பி, கதவுக் கீல் போன்ற வேலைகளுக்கு 30 நியூட்டன் மீட்டர் போதும். பிரஷ்லெஸ் மோட்டார், அதாவது தேய்கிற கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் நல்லதுதான், ஒரே சார்ஜில் கூடுதலாக வேலை செய்யும். ஆனால் எப்போதாவது எடுக்கும் டிரில்லில் கார்பன் பிரஷ் தேய்ந்து தீர நெடுநாள் ஆகும். அந்தப் பணத்தை இரண்டாவது பேட்டரிக்குப் போடுங்கள். விட்டுக்கொடுக்கக் கூடாதவை வேறு: இரண்டு கியர், அழுத்த அழுத்த வேகம் கூடும் டிரிகர், வைத்த அளவு விசை வந்ததும் முடுக்குவதை நிறுத்தும், எண் போட்ட கிளட்ச் வளையம். கிளட்ச் இல்லையென்றால் திருகின் தலை நசுங்கும், இல்லையேல் பிளைவுட்டுக்குள் புதைந்துவிடும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாயான சக் 10 மில்லிமீட்டர் இருந்தால் வீட்டுக்குப் போதும்.

நூறு பிட் அடங்கிய பெட்டியைக் கண்டு மயங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த விலைக்கு நூறு நல்ல பிட் கொடுக்க முடியாது. கார்பைடு முனை உள்ள 6, 8 மில்லிமீட்டர் சுவர் பிட், உலோகத்துக்கு எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட் நாலு, கூட்டல் குறி முனை உள்ள பிஎச்2 திருகு பிட் இரண்டு என்று தனியாக நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். டிரில் மோசம் என்று திட்டு வாங்கும் பல இடங்களில் குற்றவாளி மொட்டை பிட்தான். டிரில் தலைகீழ்த் திசையில் சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. டைல்ஸில் துளை போடும்போது டைலை முழுதாகத் தாண்டும்வரை ஹேமரை அணைத்து வையுங்கள்.

வாங்கியதும் பெட்டியோடு எடுத்து வைத்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் முழுதாகச் சார்ஜ் செய்து, நேரான மெல்லிய பிட் ஒன்றை மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். முனை ஒரே புள்ளியில் நிற்காமல் வட்டம் போட்டால் சக் கோணல். பிறகு ஒரு மரத்துண்டில் நீளத் திருகுகளை வரிசையாக முடுக்குங்கள். நாலைந்துக்குள்ளேயே வேகம் தொய்ந்தாலோ, பேட்டரி கையில் பிடிக்க முடியாதபடி சுட்டாலோ, எரிகிற வாடை வந்தாலோ யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். வைத்துக்கொள்வதென்று முடிவானால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழுதும் காலியான பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே விட்டால் செல்லின் வோல்ட் பாதுகாப்பான அளவுக்குக் கீழே இறங்கி, அடுத்த முறை சார்ஜரே அதை ஏற்க மறுத்துவிடும்.