ஏற்காட்டு வீட்டில் விறகு பாய்லர்: பற்றவைக்கும் முன் பொருத்த வேண்டியவை

பழைய செம்பு பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர். புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியே ஒரு சொம்பு வெந்நீர் விழும். ஊற்றாமல் எடுக்க முடியாது என்பதால் உள்ளே தண்ணீர் குறையாது. இரண்டு வாயும் திறந்திருப்பதால் அழுத்தமும் சேராது.

இப்போது ஏற்காட்டில் ஹோம்ஸ்டே, எஸ்டேட் பங்களா என்று 100, 200 லிட்டர் எவர்சில்வர் பாய்லர் வாங்கி, மாடித் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து நாலு பாத்ரூமுக்கு லைன் கொடுக்கிறார்கள். வசதிதான். ஆனால் திறந்த பாத்திரம் மூடிய கலனாகிவிட்டது. கெய்சரில் சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் கரண்டை வெட்டிவிடும். விறகுக்கும் கரிக்கும் சுவிட்ச் ஏது? காற்றை அடைத்த பிறகும் தணல் நெடுநேரம் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆந்த்ரசைட் நிலக்கரி பாய்லரை வைத்து வீடு முழுக்கச் சூடேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொருத்தும் கருவிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்: நெருப்பை உடனே நிறுத்த முடியாது, அதனால் சூட்டுக்கும் ஆவிக்கும் புகைக்கும் வெளியேற வழி விடு. நமக்கு வேண்டியது குளிக்க வெந்நீர் மட்டும் என்றாலும் கணக்கு மாறாது.

இன்னொன்று. 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சுடவைக்கும் கலன் நம் பாய்லர் சட்டத்துக்குள் வராது. சோதனை போட யாரும் வரப்போவதில்லை. பிளம்பர் போட்டதுதான் கடைசி வார்த்தை. அதனால் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

படி 1: மூடவே முடியாத ஒரு குழாய்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். பாய்லரின் உச்சியிலிருந்து தனியாக ஒரு வென்ட் குழாய் கிளம்ப வேண்டும். முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒரு அங்குலம் போட்டால் நிம்மதி. வழியில் எங்கும் வால்வு கூடாது, கீழே தொங்கும் வளைவும் கூடாது. ஏறிக்கொண்டே போய், மாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே நின்று, வாய் கீழ்நோக்கி வளைய வேண்டும். வெந்நீர் எடை குறைந்தது என்பதால் குழாயில் தொட்டி மட்டத்தைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். அதற்காகத்தான் அந்த உயரம்.

100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 90-க்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் பெருகும். அதற்கு மேல் கொதித்து ஆவியானால் ஒரு லிட்டர் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கீழே சேலத்தில் பழகியவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் ஜிஐ, செம்பு, எவர்சில்வர் எதுவானாலும் சரி. சாதா பிவிசி சூட்டில் இளகிவிடும். சிபிவிசி-யே 93 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்; அதைப் பாத்ரூம் லைனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாய்லரை ஒட்டிய பகுதிக்கும் வென்ட்டுக்கும் வேண்டாம். வென்ட்டின் வாயை பிளாஸ்டிக் தொட்டிக்குள் விடுவதும் தவறு. கொதிநீர் விழுந்து விழுந்து தொட்டி இளகி, எடை தாங்காமல் சரியும். ஆள் நடமாட்டமில்லாத கூரைப் பக்கம், ஆனால் கீழிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் விடுங்கள்.

படி 2: பச்சைத் தண்ணீர் வரும் வழி

அடிப்பக்கம் நுழையும் இந்தக் குழாயில் பெரும்பாலும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது) மாட்டுவார்கள். வென்ட் சரியாக இருந்தால் அதனால் பாதகமில்லை. வென்ட் இல்லாத இடத்தில் அதை மாட்டினால், பெருகும் தண்ணீர் பின்னால் போகிற கடைசி வழியும் அடைபடும்.

இதைவிட ஆபத்தானது பிரஷர் பம்ப். ஷவர் வேகமாக வரட்டும் என்று பம்ப் போடுகிறோம்; அந்த அழுத்தத்தில் வென்ட் வழியே தண்ணீர் பீய்ச்சுகிறது; ‘லீக் ஆகுதுங்க’ என்று யாரோ ஒருவர் வென்ட்டில் மூடியைத் திருகிவிட்டுப் போகிறார். அந்த நிமிடமே அது வெடிக்கக்கூடிய கலனாகிவிடுகிறது. பாய்லருக்குப் போகும் குழாயைப் பம்புக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். ஷவர் கொஞ்சம் மெதுவாக வரும், வரட்டும். விறகு பாய்லரை மூடிய அழுத்த லைனில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

படி 3: சேஃப்டி வால்வு

குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் உருகி வழிவிட இன்னொரு வால்வு இருக்கிறதல்லவா, அந்த வேலைதான் இதற்கும். சூடு, அழுத்தம் இரண்டுக்கும் திறக்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள். அது திறக்கும் அழுத்தம், கலனின் தகட்டில் போட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. வால்வின் வாயிலிருந்து ஒரு குழாய் தரைவரை இறங்க வேண்டும், முனையில் டேப் கூடாது. சொட்டினால் அடைக்காதீர்கள், ஏன் சொட்டுகிறது என்று பாருங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை லீவரைத் தூக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் காரை படிந்து இறுகிவிடும்.

படி 4: முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு

வெந்நீர் டேப்பைத் திறந்து தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மாடித் தொட்டி காலியாகும்; காலையில் ஆள் வந்து பழக்கத்தில் பற்றவைத்துவிடுவார். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் வேலைக்கு வருகிறவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தண்ணீரில்லாமல் கலன் காய்ந்துவிட்டால்? தண்ணீரைத் திறக்காதீர்கள். பழுக்கக் காய்ந்த தகட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் நொடியில் ஆவியாகிச் சீறும், வெல்டிங் பிளக்கும். காற்றுக் கதவைச் சாத்திவிட்டு, தானாக ஆறும்வரை விலகி நில்லுங்கள்.

உச்சிப் பக்கம் ஒரு டயல் தெர்மாமீட்டர் மாட்டுங்கள். 60 டிகிரி தாராளம். அந்தச் சூட்டில் தோல் சில நொடிகளில் வெந்துவிடும், ஆகவே பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர் பிடிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். 80-ஐத் தாண்டினால் கீழே உள்ள காற்றுக் கதவை மூடி, ஆளில்லாத பாத்ரூமில் வெந்நீர் டேப்பைத் திறந்துவிடுங்கள். புளோயர் வைத்த பாய்லர் என்றால் 70-ல் அதை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்று அவசியம்.

படி 5: புகை

நெருப்பைக் குறைக்க வேண்டுமானால் கீழே காற்றை அடையுங்கள். மேலே புகைபோக்கியை ஒருபோதும் அடைக்காதீர்கள். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் முதலில் வெளியே வாருங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

பாய்லரை வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டகையில் வையுங்கள். புகைபோக்கி கூரை உச்சிக்கு மேலே போகட்டும், காற்று புகையைத் திருப்பியடிக்காதபடி தலையில் தொப்பி வேண்டும். எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக்கை ஈரத்தோடு எரித்தால் தார் படிந்து புகைபோக்கி அடைபடும், அந்தத் தாரே ஒருநாள் தீப்பிடிக்கும். நன்றாகக் காய்ந்த விறகு, கொட்டாங்குச்சி நல்லது. பாய்லரிலிருந்து தணலை அள்ளிச் சட்டியில் போட்டுப் படுக்கையறையில் குளிர் காய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் அது ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

படி 6: முதல் பற்றவைப்பு

கால்வாசி விறகு மட்டும் போட்டு, பக்கத்திலேயே இருங்கள். தெர்மாமீட்டர் ஏறுகிறதா, இணைப்புகள் கசிகிறதா, புகை எல்லாம் மேலே போகிறதா, பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டை. சாம்பலை மூடியுள்ள தகரவாளியில் அள்ளி வெளியே வையுங்கள், மறுநாள்கூட உள்ளே தணல் இருக்கும். ஆறிய விறகுச் சாம்பலைச் செடிகளுக்குக் கொஞ்சம் போடலாம். நிலக்கரிச் சாம்பலைப் போடாதீர்கள்.